‘வீட்லதான் இருக்கேன்’: ஆம்பூர்க் கணக்கு

மாலை நாலு மணி. வெயில் தெருவின் ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கம் ஏறிவிட்டது. வாசற்படியில் பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முழங்கால்களுக்கு நடுவே ஒரு ஷூவின் மேற்பகுதி இருக்கிறது. ஆம்பூரில் அதற்குப் பெயர் ‘அப்பர்’. தோலில் ஏற்கெனவே துளை போட்டுத்தான் கம்பெனியிலிருந்து வருகிறது. அந்தத் துளைகளில் மெழுகு நூலைக் கோத்து, முன்பக்கம் சுருக்கம் ஒரே சீராக விழும்படி இழுத்து இழுத்துத் தைக்க வேண்டும். நூல் ஒவ்வொரு முறையும் விரலின் ஒரே இடத்தில்தான் அழுத்துகிறது. அதனால் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருக்கிறார். பக்கத்தில் ஒரு சாக்குப் பை. தைத்தது ஒரு பக்கம், தைக்காதது ஒரு பக்கம். இருட்டுவதற்குள் ஏஜென்ட் வந்து எண்ணி எடுத்துப்போவார்.

இந்த வாசலுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் வருவதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அரசுப் பள்ளி ஆசிரியர். “என்னம்மா வேலை பாக்குறீங்க?” என்று கேட்பார். “வேலைக்கெல்லாம் போகல சார், வீட்லதான் இருக்கேன்” என்று பதில் வரும். கையில் ஊசி இருக்கும்போதே வரும். ‘வேலை’ என்ற சொல் இந்த ஊரில் கம்பெனி பஸ் ஏறிப் போவதைக் குறிக்கிறது. வாசற்படியில் செய்வது ‘தைக்கிறது’. கணக்கெடுப்பாளர் இன்னொரு கேள்வி கேட்டால் படிவத்தில் அவர் தொழிலாளி ஆவார். கேட்காவிட்டால், ஐரோப்பாவின் கடைத்தெருவுக்குப் போகும் ஷூவைத் தைத்த கை, வேலை செய்யாதவர் கட்டத்தில் போய் விழும்.

ஆம்பூரைப் பற்றி அரசு அறிந்திருப்பதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கேள்வி-பதில்களில் திரண்டதுதான். அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எந்த இடத்தில் மனிதரைத் தவறவிடுகின்றன என்று பார்ப்பது பாலாற்றங்கரைத் தோல் நகரங்கள் அனைத்துக்கும் தேவையான வேலை.

2011 கணக்கெடுப்பின்படி ஆம்பூர் நகராட்சியில் 1,14,608 பேர். 2001இல் இது ஒரு லட்சத்துக்குச் சற்றே குறைவு. பக்கத்து வாணியம்பாடியில் 95,061 பேர், பேரணாம்பட்டில் 51,271, மேல்விஷாரத்தில் 44,786. அன்றைக்கு இவை எல்லாமே வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்குப் போனது. பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கியது. ஒரே தொழில், ஒரே ஆறு, ஒரே தண்ணீர்ப் பிரச்சினை, மூன்று ஆட்சியர்கள்.

பத்தாண்டுகளில் ஏறத்தாழ 15 சதவீத வளர்ச்சி என்பது, ஏற்றுமதித் தொழில் உச்சத்தில் இருந்த ஊருக்குக் குறைவு. வளர்ச்சி நின்றுவிடவில்லை, நகராட்சி எல்லையைத் தாண்டிவிட்டது. துத்திப்பட்டு, பெரியவரிகம், தேவலாபுரம், சோமலாபுரம், மின்னூர் என்று ஷூ கம்பெனிகளும் தோல் பதனிடும் டேனரிகளும் குடியிருப்புகளும் சுற்றுக் கிராமங்களில் பரவின. ஆம்பூர் ஷூ என்று உலகம் அறிந்த பொருளில் கணிசமான பங்கு ஆம்பூர் நகராட்சிக்குச் சொத்துவரி கட்டாத இடங்களில் உருவாகிறது. காலையில் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள் இந்த எல்லைக்கோட்டை ஒரு நாளைக்கு எத்தனை முறை கடக்கின்றன என்று பார்த்தாலே ‘நகரம்’, ‘கிராமம்’ என்ற பிரிவு இங்கே எவ்வளவு மெலிந்துவிட்டது என்பது தெரியும். ஊராட்சியாக இருக்கும் இடத்தில் பாதாளச் சாக்கடை, குப்பை அகற்றல், தெருவிளக்கு எல்லாமே ஊராட்சி அளவில்தான் கிடைக்கும். வேலை நகரத்துடையது, வசதி கிராமத்துடையது.

பழைய வேலூர் மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,007 பெண்கள் என்றது அதே கணக்கெடுப்பு. ஆம்பூரிலும் பெண்களே அதிகம். இதைப் பெருமையாக மேடையில் சொல்வதுண்டு. அந்தப் பெருமைக்கு இடம் உண்டு என்றாலும், இன்னொரு காரணத்தையும் பார்க்க வேண்டும். சென்னை, பெங்களூரு இரண்டுக்கும் நடுவில் தேசிய நெடுஞ்சாலையில் கிடக்கும் ஊர் இது. வளைகுடா நாடுகளுக்கும் இரு பெருநகரங்களுக்கும் ஆண்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பெண்களுக்கோ ஊரிலேயே வேலை இருக்கிறது: ஷூ கம்பெனிகளின் தையல் வரிசைகளில் உட்கார்ந்திருப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஒரு ஊரில் பெண்கள் கூடுதலாக இருப்பதற்குப் பெண் குழந்தைகளைப் பேணும் குணமும் காரணமாகலாம், ஆண்கள் ஊரில் இல்லாததும் காரணமாகலாம். ஒற்றை விகிதம் இரண்டையும் ஒரே முகமாகக் காட்டுகிறது.

சமயக் கணக்கில் ஆம்பூர் தமிழ்நாட்டின் அரிதான நகரங்களில் ஒன்று. முஸ்லிம்கள் ஏறக்குறையப் பாதிப் பேர். 19ஆம் நூற்றாண்டிலேயே தோல் வணிகத்தில் காலூன்றிய குடும்பங்கள் சம்பாதித்ததைக் கல்வியிலும் போட்டன. ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் பள்ளியும் வாணியம்பாடியில் 1919இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரியும் அப்படி வந்தவை. வீட்டுக்குள் தமிழ், பாடத்திலும் கவியரங்கிலும் உருது என்று இரு மொழிகளில் வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். கணக்கெடுப்பில் ‘தாய்மொழி’ என்று ஒரே ஒரு கட்டம்தான். அதில் எதை எழுதச் சொல்வது என்பது ஒரு வீட்டுக்குள்ளேயே அப்பாவுக்கும் மகனுக்கும் வேறுபடலாம்.

இன்னும் நுட்பமான சிக்கல் வேறொரு கட்டத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிருஷ்ணகிரியில் தொடங்கிய மிசௌரி லுத்தரன் மிஷன் ஆம்பூருக்கும் வந்தது. பள்ளிகளையும் பெதஸ்தா மருத்துவமனையையும் நடத்தியது. ஊரில் பெத்லகேம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. மிஷனை நம்பி வந்தவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பத்தினர். டேனரியின் ஈர வேலை, அதாவது பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைப்பது, மயிர் களைவது, சதை சீவுவது, காலங்காலமாக அவர்கள் தலையில்தான் விழுந்தது. ஆனால் 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். சர்ச்சுக்குப் போகும் குடும்பம் தன்னைக் கிறிஸ்தவர் என்று பதிந்தால் பட்டியல் சாதிக் கணக்கிலிருந்து வெளியேறுகிறது. பட்டியல் சாதி என்று பதிந்தால் கிறிஸ்தவர் கணக்கிலிருந்து வெளியேறுகிறது. ஆகவே ஆம்பூரின் கிறிஸ்தவர் சதவீதம், பட்டியல் சாதி சதவீதம் இரண்டையுமே அடிக்கோடிட்டுப் படிக்கக் கூடாது. ஒரே தெருவில், தோல் பதனிடும் ஒரே டிரம் அருகில் வேலை பார்க்கும் இரண்டு சகோதரர்கள் இரண்டு வெவ்வேறு அட்டவணைகளில் இருக்க முடியும்.

ஆற்றுக்கு வருவோம். பாலாற்று மண்ணின் தோல் தொழில் முதலில் ஆவாரம் பட்டையில்தான் நடந்தது. பட்டைச்சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் பாதி பதனிட்ட நிலையில் கப்பலேறியது. 1972இல் சீதாராமய்யா குழு, பாதிப் பதத்தில் விற்பதைக் குறைத்து முழுமையான தோலாகவும் பொருளாகவும் ஏற்றுமதி செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே அரசு அதன்படி கட்டுப்பாடு கொண்டுவந்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கூடியது. ஷூ கம்பெனிகள் வந்தன. பெண்களுக்கு வேலை வந்தது. கூடவே குரோமியப் பதனீடும் பரவியது. வாரங்களில் நடந்தது நாட்களில் முடிந்தது. டெல்லியில் எழுதிய ஒரு கொள்கைக்கான விலையைப் பாலாற்றின் மணல் கொடுத்தது.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் டேனரிக் கழிவுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, டேனரிப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருக்கிறது என்ற செய்திகளைத் தீர்ப்பே பதிவுசெய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் அங்கமாக்கிய தீர்ப்பு அது. இன்றும் சட்ட மாணவர்கள் வேலூரின் பெயரைச் சொல்லித்தான் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கத் தொடங்குகிறார்கள்.

தீர்ப்பின் தொடர்ச்சியாக இழப்பீட்டு ஆணையம் அமைந்தது. பாதிக்கப்பட்டோர் என ஏறத்தாழ 29,000 பேரை அது கணக்கிட்டது. தோல் தொழிலின் பக்கவிளைவை மனிதரின் எண்ணிக்கையில் சொன்ன கணக்கு இது. அதற்காகவே அது போற்றத்தக்கது. ஆனாலும் நிலம் உள்ளவரின் இழப்பை ஹெக்டேரில் அளந்துவிடலாம்; அந்த நிலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்த கூலிப் பெண்ணின் இழப்பை எந்தச் சர்வே எண்ணில் தேடுவது? நிலம் உவர்ந்த பிறகு அவர்களில் பலர் போன இடம் அதே டேனரி, அதே ஷூ கம்பெனி. விவசாயக் கூலி என்ற கட்டத்திலிருந்து ‘பிற தொழிலாளர்’ என்ற கட்டத்துக்கு ஒரு குடும்பம் நகர்வதைக் கணக்கெடுப்பு முன்னேற்றம் என்றே காட்டும்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஒவ்வோர் ஊரின் டேனரிகளும் சேர்ந்து அமைத்தவை. கழிவுநீரை வெளியே விடாமல் மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடும் வந்தது. செலவு மிகுந்த, மெச்சத்தக்க முயற்சி. ஆனாலும், தோலைக் கெடாமல் வைக்க அப்பிய உப்பும், பதனீட்டில் சேர்ந்த குரோமியமும் சேறாகவும் உப்பு மூட்டையாகவும் எங்கோ ஓரிடத்தில் சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே வழக்கின் தொடர்ச்சியில் இழப்பீட்டை முழுமையாகக் கொடுக்கச் சொல்லி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைத்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 ஆண்டுகள். 1991இல் நாற்பது வயதில் மனுவில் கையெழுத்திட்ட விவசாயிக்கு இப்போது எழுபதைத் தாண்டிய வயது.

இன்று பாலாற்றங்கரை ஊர்களின் குழாயில் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு ஆம்பூர்ப் பெண்கள் குடத்தோடு நிற்கும் நேரம் குறைந்திருக்கிறது. வாழ்க்கைத் தரம் என்று பேசும்போது குடிநீர் இணைப்பு ‘உண்டு’ என்று ஒரு குறி விழும். தண்ணீர் எத்தனை நாளைக்கொரு முறை வருகிறது, வீட்டுக் கிணற்றை ஏன் மூடினார்கள் என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

வீடுகளின் கதை 2021 நவம்பரில் ஒரே இரவில் வெளியே வந்தது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றில் கரைபுரண்ட வெள்ளம். நவம்பர் 19 காலை பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து, பாதுகாப்புக்காக ஒரே வீட்டில் சேர்ந்து படுத்திருந்தவர்களில் 9 பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது என்று வீட்டுப் பட்டியல் கணக்கெடுப்பு கேட்கிறது. ‘நல்ல நிலை, வாழத்தக்கது, சிதிலம்’ என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கிறது. வாழத்தக்கது என்று குறிக்கப்பட்ட வீடுகள் எத்தனை மழையைத் தாங்கும் என்பதுதான் இந்த வட்டாரத்தில் உள்ள பழைய குறுந்தெருக்களின் உண்மையான கேள்வி.

எண்ணுவது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணமும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி ஒன்றியத்தில் பல பத்தாண்டுகளாக ஊர் ஊராக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் கர்ப்பத்தையும் பதிந்துவருகிறது. பதிபவர் அதே ஊர்ப் பெண்தான். யார் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அதே கல்லூரியின் ஆய்வாளர்கள் 2002இல் வேலூர் நகரின் ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா ஆகிய நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைச் சேர்த்து, மூன்று வயதுவரை வாரத்துக்கு இருமுறை வீடு தேடிப்போய்ப் பார்த்தார்கள். பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைந்த தெருக்கள் அவை. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு இந்தியக் குழந்தைகளை எப்படித் தாக்குகிறது என்று உலகம் அறிந்துகொண்டது அந்தச் சந்துகளிலிருந்துதான். பத்தாண்டுக்கொருமுறை வரும் கேள்விக்கும், வாரத்துக்கு இருமுறை வாசலில் நிற்கும் கேள்விக்கும் கிடைக்கும் பதில்கள் ஒன்றாக இருக்குமா?

எண்ணப்படாதவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை. ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் கழிவுச்சேறு தேக்கியிருந்த தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். அந்தச் செய்தி வந்த பிறகுதான் டேனரிக்குள்ளேயே மனிதர்கள் படுத்துறங்கி வாழ்கிறார்கள் என்பது வெளியூர்க்காரர்களுக்கு உறைத்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துவிட்டு ஈர வேலைக்கு வர மறுக்கிறார்கள். அது அவர்கள் அப்பாக்கள் ஆசைப்பட்டது. அந்த இடத்தில் வங்காளத்தான், பீகாரி, ஒடியா என்று வந்து நிற்கிறார்கள். கணக்கெடுப்பின் கண்ணில் ‘வழக்கமாக வசிக்கும் இடம்’ எது என்பதுதான் முக்கியம். டிரம் அருகே படுப்பவருக்கு அது எந்த ஊர்?

இதே ஷூ வாழ்க்கையை முன்பே வாழ்ந்து முடித்த ஓர் ஊரைப் பார்ப்போம்: நெதர்லாந்தின் தெற்கில் உள்ள வால்வைக் நகராட்சி. இன்றைக்குச் சுமார் 50,000 பேர் வாழும் ஊர், ஆம்பூரில் பாதி. லாங்ஸ்ட்ராட் எனப்படும் அந்தப் பகுதிதான் ஒரு காலத்தில் டச்சு நாட்டின் ஆம்பூர். 19ஆம் நூற்றாண்டில் அங்கேயும் வீடுகளில்தான் ஷூ தைத்தார்கள். கூலியைக் காசாகக் கொடுக்காமல், முதலாளியின் கடையிலேயே சாமான் வாங்கக் கட்டாயப்படுத்திய காலமும் உண்டு. பிறகு ஆலைகள் வந்தன. 1960களுக்குப் பிறகு மலிவான இறக்குமதி வந்து ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஷூ இப்போது அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரைச் சுற்றி இணைய வணிகக் கிடங்குகள். அவற்றில் வேலைசெய்யப் போலந்து போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

நெதர்லாந்து 1971க்குப் பிறகு வீடுவீடாகக் கணக்கெடுப்பதையே விட்டுவிட்டது. ஒவ்வொருவரும் தன் நகராட்சியில் பதிந்திருப்பதால் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தே எண்ணுகிறது. ஒரு பேட்டையில் எத்தனை முதியவர், எத்தனை ஒற்றைப் பெற்றோர், சராசரி வருமானம் என்ன என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அங்கும் நான்கு மாதத்துக்குக் குறைவாகத் தங்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் நகராட்சிக் கணக்கில் வருவதில்லை. ஆக, ராணிப்பேட்டை வங்காளிக்கும் வால்வைக் போலந்துக்காரருக்கும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. ஆனால் அங்கே எண் ஆண்டுதோறும் புதிதாகிறது; ஆம்பூர் நகராட்சியின் 36 வார்டுகளுக்கும் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தபோதுகூட வார்டுக்கு ஆதாரமாயிருந்தது 2011இன் எண். மாநில நிதிப் பகிர்வும் மக்கள்தொகையைப் பார்த்தே நடக்கிறது. 2011இல் பிறந்த பிள்ளை இன்று கம்பெனி வேலைக்கான வயது எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும்.

மீண்டும் வாசற்படிப் பெண்ணிடம். 2016இல் பிரிட்டனைச் சேர்ந்த ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், பெங்களூருவின் சிவிடெப் ஆகிய அமைப்புகள் ஆம்பூர் வட்டாரத்தில் வீட்டிலிருந்து ஷூ தைக்கும் பெண்களைச் சந்தித்து அறிக்கை வெளியிட்டன. ஒரு ஜோடிக்குக் கிடைத்த கூலி பத்து ரூபாயை ஒட்டியே இருந்தது. ஒப்பந்தம் இல்லை, சேமநிதி இல்லை. கழுத்துவலி, முதுகுவலி, கண் எரிச்சல் உண்டு. அதே வட்டாரத்தில் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடி சுற்றும் பெண்ணும் வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவருக்காக 1966இல் ஒரு சட்டமும் 1976இல் ஒரு நலநிதிச் சட்டமும் வந்துவிட்டன. அதனால் அவரிடம் அடையாள அட்டை இருக்கிறது. பிள்ளைக்கு உதவித்தொகை கேட்க ஒரு அலுவலகம் இருக்கிறது. இருவரும் செய்வது ஒரே வகை வேலை: மூலப்பொருள் வாங்கி, வீட்டில் செய்து, எண்ணிக் கொடுத்துக் கூலி வாங்குவது. பீடிக்காரம்மாவை அரசு தொழிலாளி என்று முதலில் பெயர் சொல்லி அழைத்தது, பிறகுதான் எண்ணியது. ஷூ தைப்பவருக்கும் தமிழ்நாட்டில் காலணி, தோல் தொழிலாளர் நல வாரியம் உண்டு. அதில் சேரவும் முதலில் ‘நான் தொழிலாளி’ என்று சொல்ல வேண்டும்.

1996 ஜூனில் ஜெனீவாவில், வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்பாடு நிறைவேறியது. இரண்டு மாதம் கழித்து டெல்லியில் வேலூர்த் தீர்ப்பு. 2002இல் நெதர்லாந்து உடன்பாட்டை ஏற்றது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. ஷூவை வாங்கும் நாடு ஏற்ற பொறுப்பு, ஷூ தைக்கும் நாட்டில் எழுத்தில்கூட வரவில்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1 என்று அரசு அறிவித்திருக்கிறது. இம்முறை தாளுக்குப் பதில் கைபேசி, சாதியும் கேட்பார்கள். ‘கடந்த ஓராண்டில் எப்போதாவது வேலை செய்தாரா’ என்ற கேள்வியும் இருக்கும். ஊதியமில்லாத குடும்பத் தொழிலும் வேலைதான் என்று 1991 முதலே கணக்கெடுப்பாளருக்கான அறிவுரையில் எழுதியிருக்கிறது. ஆம்பூரில் பயிற்சி வகுப்பு நடக்கும்போது ஓர் அப்பரை மேசைமேல் வைத்து, “இதை வீட்டில் தைப்பீர்களா, ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி?” என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தால் போதும். அந்தக் கேள்விக்கு வாசற்படிப் பெண் யோசிக்கவே மாட்டார். எண்ணிக்கை அவருக்கு மனப்பாடம். மாலையில் ஏஜென்ட் எண்ணும்போது ஒன்று குறைந்தாலும் அவர்தான் முதலில் சொல்வார்.